நற்கருணையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளியின் சின்ன வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள். இயேசுவின் சரீரம், இரத்தம் என்று சொல்லி அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நற்கருணை ஞாயிறுகளில் பெற்றோருடன் அவர்களும் பீடத்தண்டை வந்து முழங்காலிடுவார்கள். குருவானவர் அவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். போன முறை ஒரு சிறுமி, “எனக்கு மட்டும் ஏன் தரமாட்டேங்கிறாங்க?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பையன், “அது ரத்தமாம், நீ குடிப்பியா?” என்றான். அவள் அழுதே விட்டாள். “வளர்ந்ததும் புரியும்மா” என்று சொல்லி அனுப்பினேன். அது பதில் இல்லை என்று மனசு உறுத்துகிறது. என்ன சொல்லியிருக்கலாம்?

ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சிறுமி கேட்டது இந்த ஆராதனையோடு ஆதியிலிருந்தே வரும் கேள்வி. இயேசு அப்பத்தைப் பிட்ட அந்த இராத்திரி, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர் நினைவுகூரும் பஸ்காக் காலத்து இராத்திரி. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், பஸ்காவை ஆசரிக்கச் சொல்லும்போதே, “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றிருக்கிறது. இன்றும் யூத வீடுகளில் பஸ்கா உணவின்போது இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் கேள்வி கேட்கும். வீட்டுப் பெரியவர் கதையாகப் பதில் சொல்வார். ஆகவே கேட்டதற்காக அவளை முதலில் தட்டிக்கொடுங்கள்.

பதிலையும் கதையாகவே சொல்லுங்கள். அப்பம் எப்படிச் சரீரமாகிறது என்பதில் தொடங்க வேண்டாம். 1529இல் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்கிலியும் நேரில் உட்கார்ந்து பேசியும் அதில் ஒத்துப்போகவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்த வழக்கைக் கொண்டுபோக வேண்டாமே. அந்த மேஜையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். சற்று நேரத்தில் “அவரை அறியேன்” என்று சொல்லப்போகும் பேதுரு இருந்தான். காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கை தம்மோடுகூட மேஜையில் இருப்பதாக இயேசுவே சொல்கிறார். அது தெரிந்திருந்தும் “நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்” என்றார். தனக்குத் துரோகம் செய்யப்போகிறவர்களுக்கும் கொடுத்தார் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும். வகுப்பில் சண்டை போட்டவனுக்கு மிட்டாயில் பங்கு கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரத்தம் என்றதும் பயந்தாள் என்கிறீர்கள். பயந்ததில் தப்பே இல்லை. யோவான் 6இல் இதைக் கேட்ட சீஷர்களே “இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள்” என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள் என்று ரோமப் பேரரசில் வதந்தி ஓடியது. அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: “கிண்ணத்தில் இருப்பது திராட்சை ரசம். இயேசு நமக்காகத் தம் உயிரையே கொடுத்தார். அதை மறக்காமல் இருக்க, அவர் சொன்னபடி இதைக் குடிக்கிறோம். அவர் உயிரோடு எழுந்தவர், இந்தப் பந்தியில் நம்மோடு இருக்கிறார்.” இந்த வயதுக்கு இது போதும். “சும்மா பிஸ்கட் மாதிரிதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயம் போய்விடும், ஆனால் பத்து வருஷம் கழித்து அதையே பெரிய காரியமென்று நீங்கள் சொல்லும்போது அவள் நம்பமாட்டாள்.

“எனக்கு ஏன் இல்லை?” என்பதுதான் கடினம். இதில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: சபைகள் எல்லாம் ஒரே மாதிரி செய்வதில்லை. வட ஆப்பிரிக்காவில், மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜில் கைக்குழந்தைகளும் நற்கருணை பெற்றதை அந்நகரின் பேராயர் சிப்ரியான் எழுதியிருக்கிறார். பக்கத்துக் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையார் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு அன்றே கொடுக்கிறார்கள். கத்தோலிக்கரிடையே பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூடப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1910இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் ஏறக்குறைய ஏழு வயது போதும் என்றார். முழு ஞானம் வேண்டாம், சாதாரண அப்பத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றது அவருடைய ஆணை. புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, இத்தனை சின்னப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வருவது அதற்குப் பிறகு வந்ததுதான். உங்கள் சபையில், வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தல் முடிந்த பிறகு என்று முறை வைத்திருக்கிறார்கள். “உன்னைத் தள்ளி வைக்கவில்லை, உனக்கும் இங்கே இடம் இருக்கிறது, அதனால்தான் தலையில் கைவைக்கிறார்” என்று சொல்லுங்கள்.

என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு நற்கருணையைக் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். எதிர்ப்பவர்கள் 1 கொரிந்தியர் 11ஐக் காட்டுவார்கள்: ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும், பிள்ளையால் அது முடியுமா என்பார்கள். அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே வாசித்தால் பவுலுக்கு ஏன் கோபம் என்று தெரியும். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நின்றார்கள். அந்தக் கண்டிப்பு முழுவதும் பெரியவர்களுக்கு. நம் ஜில்லாவின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலையே பாருங்கள். ஒரே பீடத்தின் முன்னால் இரண்டு சாதியார் கலந்துவிடக் கூடாதென்று இரண்டு சிறகாகக் கோயில் கட்டினார்கள். நடுவில் நின்ற தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பந்தியை அவமதித்தது குழந்தைகள் அல்ல.

வகுப்பில் செய்ய ஒன்று. இரண்டு மூன்று சப்பாத்தி சுட்டுக் கொண்டுபோங்கள். புளிப்பில்லாத அப்பத்துக்கு நம் சமையலறையில் அதுதான் கிட்ட வரும். கதையைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் பிட்டு முதலில் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும், பிறகு தான் வாங்கிக்கொள்ளட்டும். குருவானவரின் ஜெபத்தைச் சொல்லி நடிக்க வேண்டாம், நற்கருணை என்று பெயரும் வைக்க வேண்டாம். இது கதையின் பகுதி என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியட்டும். அழுத சிறுமியையும் சீண்டிய பையனையும் அடுத்தடுத்து உட்கார வையுங்கள்.

அவள் கேட்டதைக் குருவானவரிடமும் அப்படியே சொல்லுங்கள். சேகர கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) அவர் அதை எடுத்தால், பெற்றோர் சிலரும் உங்களோடு வந்து பேச வேண்டும்.