நைல் வண்டலும் கடைமடை உப்பும்

கேள்வி: வாய்க்கால் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். களிமண். கோடையில் மேலே வெள்ளையாக உப்பு பூக்கிறது, நட்ட பயிர் திட்டுத்திட்டாகக் கருகுகிறது. மகளின் வரலாற்றுப் பாடத்தில், நைல் நதி கொண்டுவந்த வண்டலால் எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே வயலில் விளைவித்தார்கள் என்று இருக்கிறது. நானும் ஏரி வண்டல் அடித்தால் உப்பு போய்விடுமா? – ஒரு நெல் விவசாயி

பதில்: வண்டல் அடிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டிப்பருக்கு வாடகை கொடுக்கும் முன்னால் நைல் கரையில் நடந்ததை முழுசாகப் பாருங்கள். பாடப்புத்தகம் பாதிக் கதையோடு நின்றுவிட்டது.

முதலில் வண்டல் கணக்கு. நைல் வெள்ளம் விட்டுப்போன வண்டலின் கனம் சராசரியாக வருடத்துக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஏக்கருக்கு 4 கனமீட்டர், அதாவது டிராக்டரில் ஒன்றிரண்டு நடை. அதிலும் தழைச்சத்து குறைவு. ஒரு நடை மண்ணிலா அத்தனை காலம் விளைந்தது?

விஷயம் தண்ணீரில் இருக்கிறது. எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை நீல நைல், அத்பரா ஆறுகள் வழியாக வந்து எகிப்தை நிரப்பும். ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம். வயல்களைப் பெரிய பெரிய பாத்திகளாகக் கரை கட்டி வைத்திருப்பார்கள். மதகைத் திறந்துவிட்டால் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, நாற்பது முதல் அறுபது நாள் நிற்கும். அக்டோபரில் ஆறு இறங்கியதும் கரையை வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்கும், கடைசியில் ஆற்றுக்குமே விட்டுவிடுவார்கள். மண்ணில் சேர்ந்த உப்பு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

அந்த ஈரச் சேற்றில்தான் எம்மர் கோதுமை, பார்லி, ஆளி விதைப்பு. தூவிய விதையை ஆட்டுமந்தையை ஓட்டி மிதிக்கவிடும் காட்சி கல்லறைச் சுவர்களில் இருக்கிறது. பிறகு மழை கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. மண்ணில் பிடித்த ஈரத்திலேயே கதிர் முற்றும். கோடைக்குள் அறுப்பு முடிந்தால், அடுத்த வெள்ளம் வரை நிலம் சும்மா கிடந்து காயும். களிமண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த நேரத்தில் ஆறும் பல மீட்டர் கீழே இறங்கிக் கிடப்பதால் நிலத்தடி நீரையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்வதை வருடத்துக்கு ஒரே முறை, நாடு முழுவதற்கும் ஆறே செய்துகொடுத்தது.

அதே காலத்து மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கம், வண்டலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் டைக்ரிஸ், யூப்ரடீஸ் வெள்ளம் வசந்தத்தில், பயிர் அறுப்புக்கு நிற்கும்போது வந்து தொலைத்தது. விதைப்புக் காலத்திலோ ஆற்றில் தண்ணீர் குறைவு. சமவெளி தட்டை, பாய்ந்த நீர் வடிய வழியில்லை. தெற்கே வயல்கள் உவர் ஏறிக் கெட்டன.

எகிப்தியர் வாழ்க்கையே நைலின் பாய்ச்சலுக்குள் அடங்கியது. வருடத்துக்கு மூன்றே பருவம்: அகெத் வெள்ளம், பெரெத் விளைச்சல், ஷெமு அறுவடை. வெள்ளம் தொடும் மண்ணுக்குக் கருநிலம், தொடாத பாலைக்குச் செந்நிலம் என்று பெயர். ஊர் மேட்டில், கல்லறை பெரும்பாலும் பாலை ஓரத்தில். எகிப்தின் தெற்கு ஓரத்தில், நைலுக்கு நடுவே இருக்கும் எலிஃபன்டைன் தீவில் படிக்கட்டில் கோடு போட்டு வெள்ளத்தை முழக்கணக்கில் அளந்தார்கள். பிற்காலத்தில் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்த கணக்கில் 12 முழம் என்றால் பஞ்சம், 16 முழம் என்றால் கொண்டாட்டம். எகிப்திய முழம் நம் முழத்தைவிடக் கொஞ்சம் நீளம், 52 சென்டிமீட்டர் போல.

வெள்ளம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெகனக்த் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சுமார் 4,000 ஆண்டுக்கு முன், ஒரு பெரிய அதிகாரியின் கல்லறைப் பூசையைக் கவனித்துவந்தவர், கூடவே விவசாயி. வெளியூரிலிருந்து வீட்டாருக்கு எழுதுகிறார். வெள்ளம் போதவில்லை என்பதால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தானியம் என்று பெயர் போட்டுப் பட்டியல் அனுப்புகிறார். விதைத் தானியத்தைக் காக்கச் சொல்கிறார், தண்ணீர் நன்றாக ஏறும் நிலமாகப் பார்த்துக் குத்தகைக்கு எடுக்கச் சொல்கிறார். படிக்கும்போது நம் ஊர்ப் பெரியவர் யாரோ திட்டுகிற மாதிரியே இருக்கும்.

1970-ல் நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தது. வண்டல் நீர்த்தேக்கத்திலேயே நின்றுவிட்டது, வருடம் முழுக்கத் தண்ணீர், வருடத்துக்கு இரண்டு போகம் மூன்று போகம். நிலத்தடி நீர் மேலே வந்து பல இடங்களில் உப்பும் ஏறியது. ரசாயன உரத்தை மூட்டையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வடிகாலை அப்படி வாங்க முடியாது என்பதால் லட்சக்கணக்கான ஏக்கரில் மண்ணுக்கடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட குழாய் பதிக்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் வயல். கடைமடையில் பாய்ச்சல் இருக்கிறது, வடிவதுதான் இல்லை என்று நினைக்கிறேன். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவையும் பி.எச். எண்ணையும் வாங்குங்கள். பி.எச். 8.5-க்கு மேல் போனால் களர், அதாவது சோடியம் ஏறிய மண், பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் தேவைப்படும். வெறும் உவர், அதாவது உப்பு மட்டும் ஏறிய மண், என்றால் ஜிப்சத்துக்குச் செலவழிக்காதீர்கள். வயலைச் சமப்படுத்தி, உயரமாக வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி, சில நாள் வைத்து வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். வண்டல் அதற்கப்புறம்தான், அதையும் பரிசோதித்துவிட்டு. உங்கள் ஏரியும் வடிகால் தண்ணீர் வந்து சேரும் ஏரி என்றால் அந்த மண்ணிலேயே உப்பு இருக்கலாம்.

இதெல்லாம் தண்ணீர் வெளியே போக வழி இருந்தால்தான். வயலில் மூன்றடி ஆழக் குழி ஒன்று வெட்டி, மறுநாள் காலையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி, பக்கத்து வடிகாலின் அடிமட்டம் உங்கள் வயலைவிட எவ்வளவு தாழ்வு என்றும் அளந்து, இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.