பட்டறை மூடினால் தம்பியின் வேலை?

கேள்வி: என் தம்பி ஈரோட்டில் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். மாசு என்று சொல்லி மூடிவிடுவார்களோ என்று பயப்படுகிறான். சுற்றுச்சூழல் சட்டங்கள் ஏழைகள் பிழைப்பில்தான் கை வைக்கின்றனவா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: மூடினால் முதலில் அடிபடுவது உங்கள் தம்பிதான் அம்மா. அதை மறைக்க மாட்டேன். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அங்கே ஒரு பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் வின்ச், அதாவது துணியைச் சாயத்தில் சுழற்றும் இயந்திரம், அதன் பக்கம் ஈரத் துணி பிரித்துப்போடும் அக்கா ஒருவர் இருந்தார். சென்னிமலைப் பக்கத்துக்காரர். திருப்பூர்ப் பட்டறைகள் நொய்யல் ஆற்றில் விட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீர் கிணற்றில் இறங்கி, தென்னையெல்லாம் காய்ந்து, விவசாயக் கூலி வேலை இல்லாமல் போனதால்தான் திருப்பூருக்கே வந்தார். அப்புறம் பட்டறையும் மூடியது. ஒரே சாயத்தண்ணீரால் இரண்டு தடவை வேலை போனது அவருக்கு. அதனால், சட்டம்தான் பிழைப்பைக் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்று 2006-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு வருடம் இழுத்தடித்ததில் அக்காவுக்கு எந்தப் பங்கும் இல்லை. மூடினால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்று அன்றைய தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டுமே! எங்கள் பட்டறையில் சனிக்கிழமைச் சம்பளம், ரொக்கமாகக் கையில். நீள நோட்டில் பென்சிலால் நான் எழுதிய பெயர்தான் அக்காவுக்கு இருந்த ஒரே அத்தாட்சி. அந்த நோட்டும் முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது. பேனாவால் எழுதி ஒரு பிரதியாவது அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இன்றும் உறுத்துகிறது.

சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைகள் திரும்ப ஓடின. கழிவிலிருந்து உப்பைப் பிரித்து மறுபடி சாயம் போடவே எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களுக்கு அங்கே புது வேலையும் வந்தது. அக்கா போன்றவர்கள் சும்மா இருந்த மாதங்களின் கூலிக்கும் அந்தக் கடனோடு ஒரு தொகை ஒதுக்கியிருக்க வேண்டும்.

சரி, தம்பி விஷயம். பி.எஃப். பாஸ்புக்கில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்கட்டும். பட்டறை ஓடும்போதே கேட்டு வாங்க வேண்டும். பூட்டு விழுந்த பிறகு கேட்க ஆள் இருக்காது.