வாவிக்கரையில் ஒரு வகுப்பு: வாசகர் கேள்விகள், ரீச்சரின் பதில்கள்

சென்ற இதழில், மட்டக்களப்பு வாவிக்கரையில் ஊர் மக்களே நடத்தும் ஓர் இயற்கைக் கல்வி நிலையம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். கல்லடியில் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகிறேன். அதனால் இந்த ஆசை எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வாசிகசாலைக் குழு ஓர் இயற்கை நிலையம் கட்ட நினைக்கிறது. இலண்டனில் உள்ள உறவுகள் கட்டடத்துக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?
— வாசகர், ஆரையம்பதி

ஐயா, கட்டடத்தைக் கடைசிக்கு வையுங்கள். இலண்டனில் உள்ளவர்களுக்கு அவர்கள் வாழும் நாட்டின் கதையையே சொல்லுங்கள். இங்கிலாந்தில் களக் கல்விக்கான சங்கம் 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே உருவானது. மாணவர்கள் செடியையும் பூச்சியையும் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, அவை வாழும் இடத்தில் சில நாள் தங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். 1946இல் அவர்கள் திறந்த முதல் நிலையம் பிளாட்போர்ட் மில். அதற்காகப் புதுக் கட்டடம் எதுவும் எழும்பவில்லை. ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய மா ஆலையையும் பக்கத்து வீட்டையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

அதே ஆண்டு பீட்டர் ஸ்கொட் என்ற ஓவியர் செவேர்ன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே சிலிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் நீர்ப்பறவைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். முந்திய குளிர்காலத்தில் அங்கே வாத்துக் கூட்டங்களைப் பார்க்க அவர் ஒளிந்திருந்தது, போருக்காகக் கட்டிய ஒரு கொங்கிரீட் காவலரணுக்குள். காவலரண் என்றால் எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவுகள்தான் வரும். துப்பாக்கி நீட்டுவதற்கு விட்ட துவாரத்தால் பறவை பார்க்கலாம் என்று ஒரு மனிதர் நினைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆகவே அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஓர் ஆளுக்கு ஒதுக்குங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். வாராவாரம் மாணவர்களை ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய்க் குறிப்பெடுக்க வைப்பதுதான் அவருக்கு வேலை. மிச்சத்தில் உயிர்காப்பு அங்கிகளும் தோணி வாடகையும். கூடுவதற்கு வாசிகசாலை விறாந்தை போதும். வருடம் முடிய உங்கள் கையில் ஒரு கொப்பி நிறையத் தகவல் இருக்கும். அப்போது எப்படிப்பட்ட கட்டடம் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். திறப்புவிழாக் கல்லோடு பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் நம் மாவட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இன்னொன்று. வாவி ஓரத்தில் எதைக் கட்டுவதானாலும் முதலில் பிரதேச செயலகத்தில் காணியின் நிலைமையைக் கேளுங்கள். கரைச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி இயற்கை நிலையம் கட்டுகிற கொடுமை நம் ஊரில் நடக்கக் கூடாது.

இலங்கையில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டா? பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமா?
— ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

உண்டு. பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் 1972 முதல் இளம் விலங்கியலாளர் சங்கம் இயங்குகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பறவையியல் களக் குழு 1976இல் தொடங்கியது. தென்கரையில் ரெக்காவாவில் 1990களில், கடலாமை முட்டை எடுத்து விற்றவர்களையே கூடுகளுக்குக் காவலாக வைத்தார்கள். கண்டலுக்கு என்று பார்த்தால், சிலாபத்துக்குப் பக்கத்தில் பம்பலையில் 2016 ஜூலையில் திறந்த கண்டல் அருங்காட்சியகம். அதற்கு முந்திய வருடம்தான் இலங்கையின் கண்டல் காடுகள் முழுவதையும் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் கொடுத்து அவர்கள் கையிலேயே கண்டலின் காவலை ஒப்படைத்தது.

பம்பலைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகவே ஒரு பகல் போய்விடும். ஆசிரியர்கள் நாலைந்து பேர் போய்ப் பார்த்து வாருங்கள். பிள்ளைகளுக்கு அந்தச் செலவு வேண்டாம். உங்கள் பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் வாவி இருக்கிறது.

பள்ளியில் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் திட்டம் அது. பல பள்ளிகளில் பதக்கம் வாங்குவதற்கான கோவையாக மட்டும் சுருங்கிவிட்டது. அந்தக் கோவைக்குள் வாவிக் குறிப்புகளை வைத்தால் பிள்ளைக்குப் பதக்கமும் கிடைக்கும், ஊருக்குத் தகவலும் கிடைக்கும்.

சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து கண்டல் நட்டார்கள். படம் எடுத்தார்கள், போனார்கள். கன்றுகள் செத்துப்போயின. மறுபடி பிள்ளைகளை வைத்து நடச் சொல்கிறீர்களா?
— மீனவர், வாழைச்சேனை

இல்லை அண்ணன், நடச் சொல்லவே இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்ததை ஆய்வாளர்களும் அளந்து எழுதியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்தது மூன்றே மூன்று இடங்களில். ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் இருநூறு சொச்சம்தான் தேறியது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கண்டலில் ஒரு வகைக்கு விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். பிடுங்குவது சுலபம், சேற்றில் குத்துவதும் சுலபம். அதனால் எங்கே பார்த்தாலும் அதையே குத்தினார்கள். கண்ணா, தில்லை எல்லாம் கண்டல் காட்டு மரங்கள்தான், ஆனால் கண்ணாவுக்கு உரிய இடம் வேறு, தில்லைக்கு உரிய இடம் வேறு. நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கும், மாரியில் எவ்வளவு நன்னீர் வரும் என்பதை வைத்து ஒவ்வொரு மரமும் தன் இடத்தைப் பிடிக்கிறது. அதைப் பாராமல் எந்நேரமும் தண்ணீர் நிற்கிற சேற்றில் நட்டால் கன்று மூச்சுவிட முடியாமல் சாகும். வரண்ட மேட்டில் நட்டால் காயும். இரண்டிலும் தப்பியதை மாடு மிதிக்கும். நட்ட பிறகு வந்து பார்க்க ஆளும் இல்லை.

பிள்ளைகள் செய்ய வேண்டியது வேறு வேலை. கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை ஒரு முழச் சதுரத்துக்குள் எண்ணுவது. கண்ணா இலையின் அடியை நக்கிப் பார்ப்பது, உப்பை அது வெளியே தள்ளுகிறது என்பது நாக்கிலேயே தெரியும். தில்லையை மட்டும் தொடக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தானாக முளைத்த கன்றுகள் எங்கே நிற்கின்றன என்று தேடிக் குறிப்பது, அந்த இடத்துக்குள் மாடு போகாமல் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டுவது. தண்ணீர் வந்துபோகும் வழி திறந்திருந்து, விதை வந்துசேரும் தூரத்தில் தாய்மரமும் இருந்தால் காடு தானாக வரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு காலை பிள்ளைகளோடு வந்து இருங்கள். இறால் குஞ்சு எந்த வேருக்குள் ஒளியும், எந்தக் காற்றுக்கு மணலை மீன் ஏறும் என்பதைச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை. பட்டம் பெற்றவருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலையம் உங்களுக்கும் அந்தக் காலைப்பொழுதின் உழைப்புக்கு ஈடு தர வேண்டும் என்பது என் கட்சி.

ரீச்சர், பாடுமீன் இப்போதும் பாடுகிறதா? அது மீனா, சிப்பியா?
— தரம் 8 மாணவி, கல்லடி

பாடுகிறது மகள். நிலவு நாளில், காற்று அடங்கிய இரவில், பெரியவர் ஒருவரோடு தோணியில் பழைய கல்லடிப் பாலத்துக்கு அருகே போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேள்.

எமர்சன் டென்னன்ட் என்ற ஆங்கில அதிகாரி 1848இல் இங்கு வந்தபோது தோணியில் போய் இந்த ஒலியைக் கேட்டு விரிவாக எழுதிவைத்தார். நம் மீனவர்கள் அதை ஊரி என்ற ஓட்டு நத்தை எழுப்பும் சத்தம் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். பிறகு 1950களில் லாங் என்ற இயேசுசபைப் பாதிரியார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார். எந்த உயிரி பாடுகிறது என்பது இன்றும் முடிந்த முடிவாகவில்லை. உன் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து, கேட்ட திகதி, நேரம், நிலவின் நாள், தண்ணீர் உப்பா சப்பா என்று எழுதிவையுங்கள். இத்தனை பெயர் பெற்ற ஒலிக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிய தொடர் பதிவு ஒன்று கட்டாயம் வேண்டும்.

வாவி, கண்டல் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் யானைதான் பிரச்சினை. அதற்கு இயற்கை நிலையம் என்ன செய்யும்?
— ஒரு தாய், அட்டாளைச்சேனை

உங்கள் கோபம் புரிகிறது. உங்கள் ஊரிலிருந்து வெகு தூரமில்லாத பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அதற்கு முந்திய 8 வருடங்களில் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்தவை இருபது அளவில். வயிற்றை வெட்டிப் பார்த்தால் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும். குப்பை மேட்டுக்குப் பழகிய யானை அடுத்ததாக வயலுக்கும் வீட்டுக்கும் வரும்.

உங்கள் பக்கத்து நிலையத்தின் முதல் பாடம் யானையைப் பற்றி இருக்க வேண்டியதில்லை, சோற்றுப் பார்சலைப் பற்றி இருக்கட்டும். 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் லன்ச் ஷீட்டுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. தங்கள் வீட்டுக்கு ஒரு கிழமையில் எத்தனை உறை வருகிறது, அதில் எத்தனை தடை செய்யப்பட்டது என்று பிள்ளைகள் எண்ணட்டும். அந்தக் கணக்கைப் பிரதேச சபைக் கூட்டத்தில் அவர்களே வாசிக்கட்டும். சபை உறுப்பினர்களுக்கு என் கடிதத்தைவிட அது உறைக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரியூசன். யார் வருவார்கள்?
— பெற்றோர், திருக்கோவில்

தரம் 6, 7 பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். புலமைப்பரிசில் முடிந்திருக்கும், சாதாரண தரம் இன்னும் தூரத்தில் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கூட்டிப்போய் எட்டு மணிக்கு வீட்டில் விட்டால் எந்த வகுப்பும் தவறாது. பறவையும் அந்த நேரத்தில்தான் நன்றாகத் தெரியும்.

தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போக முடியுமா?
— ஆசிரியர், காத்தான்குடி

முடியும், வேண்டும். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் வாவி ஒன்றுதான். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், நோன்பு மாதத்தில் நடையைக் குறைத்து நிழலில் இருந்து பார்க்கும் வேலையாக வையுங்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் கலந்து இருவர் இருவராக ஒரே கொப்பியில் எழுத வையுங்கள். அதிபர்கள் இருவரும் முதல் நாள் நேரில் வந்தால் பெற்றோருக்குத் தயக்கம் போய்விடும். ஒலுவில் பக்கமும் இதைச் செய்யலாம், அம்பாறை நகரத்துச் சிங்களப் பிள்ளைகளையும் பிறகு சேர்க்கலாம்.

நான் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியர். முதல் நாளுக்கு என்னென்ன தேவை?
— வாசகர், வாகரை

தம்பி, ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும். பேனை மை மழையில் கரைந்துவிடும். ஒரு வெப்பமானி. முடிந்தால் உப்பு அளக்கும் சிறு கருவி. கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. மாரியில் வாவி நீர் சில இடங்களில் நன்னீராகவே மாறிவிடும், ஆற்றுவாய் திறந்திருந்து மழையும் ஓய்ந்துவிட்டால் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு வருடத் தாளில் கோடாக விழும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாவியில் முதலை உண்டு, அதனால் முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. இறங்கும் இடத்தை ஊர் மீனவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் அன்றைய வகுப்பு விறாந்தையில்.

கடைசியாக, ஆள் உயரத்துக்கு மேலான ஒரு நேரான கம்பு. அரை அடிக்கு ஒரு கோடாகச் சிவப்பு வர்ணம் பூசி, கரையில் இருந்தே வாசிக்கக் கூடிய இடத்தில் ஊன்றுங்கள். ஒவ்வொரு கிழமையும் நீர்மட்டத்தை ஒரு பிள்ளை வாசிக்க, இன்னொரு பிள்ளை எழுத வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் அந்தக் கம்பு நிற்கட்டும்.