படிக்க உட்கார்ந்தால் கை போனுக்குப் போகிறது, என்ன செய்வது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எனக்கு 25 வயது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். காலையில் அம்மாவுக்கு அந்த வேலைகளில் உதவ வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறேன். ராத்திரி ஊக்கப் பேச்சு வீடியோ பார்க்கும்போது நாளைக்கு எல்லாம் செய்துவிடலாம் போல இருக்கும். விடிந்தால் அந்த வேகம் இல்லை. நான் சோம்பேறியா?”

காலை முழுக்க அறை கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றி, விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வரும் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல என்னால் முடியாது, தங்கச்சி. மற்ற வேலையெல்லாம் உங்களுக்கு ஓடுகிறது. இந்த ஒரு வேலையின் முன்னால் மட்டும் நின்றுபோகிறீர்கள்.

பரீட்சைக்கான நுண்ணறிவு வினாத்தாளைத் திறந்ததும் மனதில் என்ன வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். “இது எனக்கு வராது”, “இந்த முறையும் கிடைக்காவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்” என்று ஏதோ ஒன்று வரும். போனை எடுத்தவுடன் அந்தச் சங்கடம் சற்றுத் தணியும். அந்த நிம்மதிக்கு மூளை பழகிவிடுவதால், அடுத்த முறை சங்கடம் தலைகாட்டும்போதே கை போனுக்குப் போய்விடும். தள்ளிப்போடும் பழக்கத்தை ஆராய்ந்த டிமொதி பிச்சில், ஃபியூஷியா சிரோய்ஸ் போன்ற உளவியலாளர்கள் இதை நேரத்தைத் திட்டமிடத் தெரியாத குறையாகப் பார்ப்பதில்லை. பிடிக்காத உணர்ச்சியிலிருந்து தப்பும் வழியாகவே பார்க்கிறார்கள். அதனால்தான் கலர் பேனையால் எத்தனை நேரசூசி எழுதி ஒட்டினாலும் நிலைமை மாறுவதில்லை.

ராத்திரி வீடியோக்களை விட்டுவிடுங்கள். அவை நித்திரையைத் தின்கின்றன. அது ஒன்றே போதுமான காரணம். அதைவிடப் பெரிய கெடுதல், முதலில் மனம் வரவேண்டும், அப்புறம்தான் வேலை தொடங்கும் என்ற நம்பிக்கையை அவை வளர்ப்பது. பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. 1970களில் பீட்டர் லூயின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனச்சோர்வில் இருப்பவர்களை உற்சாகம் வரும்வரை காத்திருக்க விடாமல், பயனுள்ள, மகிழ்ச்சி தரும் செயல்களில் படிப்படியாக ஈடுபடுத்தினார். செயல் கூடக்கூட மனநிலையும் தேறும் என்பதே அதன் அடிப்படை. இன்றும் அது நடைமுறையில் உள்ள சிகிச்சை முறை. உங்களுக்கு இருப்பது நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செயல் முன்னே, மனம் பின்னே என்ற வரிசை உங்களுக்கும் பொருந்தும்.

சரி, எப்படித் தொடங்குவது? பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நத்தாருக்கு முந்திய இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். சிலரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் அனுப்பியது மூன்றில் ஒரு பங்கினரே. நேரமும் இடமும் ஏற்கெனவே முடிவாகிவிட்டால், அந்த நேரத்தில் “இப்போது செய்யலாமா, பிறகு செய்யலாமா” என்று மனதோடு வாதாட வேண்டியதில்லை.

ஆகவே “நாளைக்குப் படிப்பேன்” என்று எழுதாதீர்கள். “காலை 5 மணிக்கு முகம் கழுவியதும், குசினிப் பக்கத்து மேசையில், திறந்து வைத்த வினாத்தாளில் 7ஆம் கேள்வியைச் செய்வேன்” என்று எழுதுங்கள். ஒரே ஒரு கேள்வி. வினாத்தாளை இரவே அந்தப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். ஒரு கேள்வி முடிந்தால் அடுத்ததற்குக் கை தானாகப் போகும் நாட்கள் நிறைய வரும். போகாத நாளில் எழும்பிவிடலாம், அன்றைய கணக்கு சரிதான்.

ஏன் காலை 5 மணி? நீங்கள் இப்போது தெரிந்தெடுத்திருப்பது நாளின் மிக மோசமான நேரம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு யாருக்கும் கண் சொருகும். அதோடு வெளியே கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மணிக்குப் புத்தகம் பிடிப்பது தண்டனை. நிலாவெளிப் பக்கம் பயணிகள் கூட்டம் சேர்வதும் அதே மாதங்களில்தான். விருந்தினர் எழும்பமுன் கிடைக்கும் ஒரு மணிநேரம், மத்தியானத்து மூன்று மணிநேரத்தைவிடப் பெறுமதியானது. அதற்கு இரவு பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும்.

போன் விஷயத்தில் மன உறுதியை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், போனைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் கவனம் தேவைப்படும் பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் எட்டாத இடத்தில் இருக்கும் போனை எடுக்க எழும்பி நடக்க வேண்டுமே, அந்த நடை போதும். அறை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும் என்பீர்கள். அந்த ஒரு மணிநேரம் போன் அம்மாவிடம் இருக்கட்டும். பாஸ் பேப்பர்கள், அதாவது கடந்த வருட வினாத்தாள்கள், போனில்தான் இருக்கின்றன என்றால் டவுனில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். படிக்கும்போது “மின்சார பில் கட்டவில்லையே” என்பது போல ஏதாவது நினைவு வந்தால் பக்கத்தில் ஒரு தாளில் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடித்த எதிலும் ஆர்வமில்லை, நித்திரையும் பசியும் குழம்பியிருக்கிறது, வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றால் இந்த ஆலோசனைகளோடு நிற்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் மனநலப் பிரிவு வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். சிறு வயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நில்லாமல் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியான மதிப்பீடும் சிகிச்சையும் உண்டு.

விருந்தினர் நிறைந்த வாரத்தில் சில நாள் தவறத்தான் செய்யும். தவறியதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு படிக்கப் போகாதீர்கள்; அந்தப் பாரமே திரும்பவும் போனிடம் துரத்தும். மறுநாளும் அதே மேசை, 5 மணி, ஒரே ஒரு கேள்வி.