வெட்டும் ஒட்டும்: ஒரு படத்தொகுப்பாளரின் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றியவை. ஒருவர் கேள்வியை எழுத மறந்து, வாழ்த்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். அவருக்கு நன்றி.

கேள்வி: தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்த கதாநாயகனுக்கு, இன்னோர் அடி விழுந்ததும் நினைவு திரும்பிவிடுகிறதே, மருத்துவத்தில் இப்படி உண்டா?

கிடையாது. முதல் அடியில் கலங்கிய மூளையை இரண்டாவது அடி இன்னும் கெடுக்கும், அவ்வளவுதான். பெயரையும் பெற்றோரையும் மறந்துவிட்டு மற்றபடி ஒழுங்காக நடமாடுவது திரையில்தான் சகஜம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. தான் யார் என்பது தெரியும். அடிபட்ட நேரத்தை ஒட்டிய சில மணிகளோ நாள்களோ காணாமல் போயிருக்கும். கதாசிரியர்களைக் கோபித்துப் பயனில்லை. இடைவேளைக்கு முன் பூட்டிக் கடைசி ரீலில் திறக்க, இதைவிட வசதியான பூட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1982-இல் வந்த ‘மூன்றாம் பிறை’யிலும் மருத்துவம் கொஞ்சம் நொண்டும். ஆனால் அங்கே நாயகிக்கு நினைவு திரும்புவதே நாயகனுக்கு இழப்பாகிறது. ரயில் நிலையத்தில் அவன் குரங்காட்டம் ஆடிக் காட்டியும் அவளுக்கு அவனைத் தெரியவில்லை. அந்த ஒரு காட்சிக்காக அந்த மருத்துவத்தை நான் மன்னித்து வெகுகாலம் ஆகிறது.

கேள்வி: ஃபிளாஷ்பேக் காட்சியைப் போல நம் நினைவுகளும் மனத்தில் அப்படியே பதிந்திருக்கின்றனவா?

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தொகுத்த ஒரு படத்தில், கதவை மூடும் முன் தாயின் கை தாழ்ப்பாள்மேல் ஒரு கணம் தயங்கும். அந்த குளோசப்பை வைத்து உதவியாளர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். சென்ற ஆண்டு அதே படத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். தாயின் முகம் தெரிகிறது, கதவு மூடுகிறது. கை எங்கேயும் இல்லை. வெட்டி எறிந்த துண்டோ என்று பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அப்படி ஒரு ஷாட்டைப் படம் பிடிக்கவே இல்லை. உதவியாளர்கள் மரியாதை கருதிச் சிரிக்காமல் இருந்தார்கள். அது இன்னும் வலித்தது.

உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இலேயே இதை எழுதிவிட்டார். தம் மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு அதை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். விளங்காத இடங்கள் உதிர்ந்துபோயின. மிஞ்சியவை அவர்களுக்குப் பழகிய கதைகளின் சாயலுக்கு மாறியிருந்தன.

என் தொழிலுக்கு நெருக்கமானது 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் செய்த சோதனை. கார் மோதல் ஒன்றைப் படமாகக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடித் துண்டே கிடையாது. ஒரே படம், ஒரே பிரதி. நான் கத்திரியால் செய்வதை அவர்கள் ஒரு வினைச்சொல்லால் செய்துவிட்டார்கள்.

ஆனாலும் ஃபிளாஷ்பேக் என்றால் அது உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம். இயக்குநர் ஹிட்ச்காக் 1950-இல் ‘ஸ்டேஜ் ஃபிரைட்’ படத்தில் ஒரு பொய்யை ஃபிளாஷ்பேக்காகக் காட்டினார். அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பாத்திரம் பொய் சொல்லலாம், கேமரா சொல்லக் கூடாது என்பது நம் எதிர்பார்ப்பு. ஏன் கூடாது என்பதே என் கட்சி.

கேள்வி: ‘மெமென்டோ’வை இரண்டு முறை பார்த்தும் குழப்பமாகவே இருக்கிறது. குறை என்னிடமா?

இல்லை. அந்தக் குழப்பத்தைப் பாடுபட்டுச் செய்திருக்கிறார்கள். வண்ணக் காட்சிகள் பின்னோக்கிப் போகும். கறுப்பு–வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வரும். கடைசியில் இரண்டும் சந்திக்கும். ஒரு வண்ணக் காட்சி முடியும் இடம், நீங்கள் முன்பே பார்த்த காட்சி தொடங்கிய இடம். நாயகனுக்குப் புதிய நினைவு எதுவும் தங்காத நோய். ஓரிடத்தில் அவன் ஓடிக்கொண்டிருப்பான். தான் துரத்துகிறானா, துரத்தப்படுகிறானா என்று அவனுக்கே தெரியாது. நமக்கும் தெரியாது, ஏனென்றால் முந்தைய காட்சியை நாம் இன்னும் பார்க்கவில்லை. இதைத் தொகுத்த டோடி டோர்ன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். எனக்குப் பொறாமை உண்டு.

அவனுடைய நோய் கற்பனையல்ல. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பசின் பெரும்பகுதியை அகற்றினார்கள். 2008-இல் இறக்கும் வரை புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள். கைக்கு மட்டும் அப்படியில்லை.

2005-இல் ‘கஜினி’ இதே நோயை எடுத்துக்கொண்டு காதல் பக்கம் திரும்பியது. அங்கே மறதி நாயகனுக்கு மட்டும்தான்; நமக்கு எல்லாம் தெரியும், அவனுக்காக அழுகிறோம். ‘மெமென்டோ’ அழவிடாது, மறதியை நம்மிடமே கொடுத்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் சினிமா.

கேள்வி: ‘இன்சைட் அவுட்’ பார்த்த என் மகள், நினைவுகள் வண்ணக் கோளங்களாக மூளைக்குள் அடுக்கியிருப்பதாக நம்புகிறாள். திருத்தலாமா?

அவசரமில்லை. கோளங்கள் தவறு, ஒரு நினைவின் காட்சியும் ஒலியும் பயமும் மூளையில் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் மகிழ்ச்சியான கோளத்தைச் சோகம் என்ற பாத்திரம் தொட்டதும் அது நீலமாகிறதே, அது சரி. எடுத்துப் பார்க்கும் நினைவு இளகி, மறுபடி இறுகுகிறது என்று 2000-இல் எலிகளில் காட்டினார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய் கூடிவருகிறது. “யாரோ வந்து சாமான்களை இடம் மாற்றுகிறார்கள்” என்று தினமும் சண்டை. ‘தி ஃபாதர்’ படத்தை அவரோடு பார்க்கலாமா?

வேண்டாம். நீங்கள் மட்டும் பாருங்கள். ஃபுளோரியன் ஸெல்லர் தம் நாடகத்தையே 2020-இல் படமாக்கினார். ஆன்டனி ஹாப்கின்ஸ் நடிக்கும் முதியவர் ஓர் அறைக்குள் போய்த் திரும்பினால் வீட்டுச் சாமான்கள் மாறியிருக்கும். மகள் என்று வேறொருத்தி வந்து நிற்பாள். யாரும் விளக்க மாட்டார்கள். காட்சித் தொடர்ச்சியைக் காப்பது எங்கள் அன்றாடப் பிழைப்பு. கோப்பையில் தண்ணீர் அளவு மாறினால்கூட எனக்குத் தூக்கம் வராது. முதல் முறை பார்த்தபோது, கலை இயக்குநரின் கவனக்குறைவு என்று அரை மணி நேரம் எரிச்சல்பட்டேன். உங்கள் அம்மாவின் சண்டையும் அந்த எரிச்சல்தான்.

இரவில் பார்க்காதீர்கள். முடிந்ததும் அவர் அறைக்கு ஓடத் தோன்றும். அவர் தூங்கட்டும்.