பழைய நாணயக் குவியலில் ஒரே மாதிரிக் காசுகளைப் பிரித்து விற்றால் என்ன தவறு?

நாணயம் சேர்க்கத் தொடங்கிய புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஒரே மாதிரி நூறு காசு இருந்தால், நல்லதாகப் பத்தை வைத்துக்கொண்டு மீதியை விற்றால் போயிற்று. கார்த்தேஜ் நாணயங்களைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணமே போய்விட்டது.

கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில் இருந்த நகரம். கடல் வணிகத்தில் கொழித்த ஊர்தான், ஆனாலும் நெடுங்காலம் சொந்தமாகக் காசு அடிக்கவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிசிலிப் போரில் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் வெள்ளிக்காசு அடித்தது. குதிரையும் பேரீச்ச மரமும் அதன் அடையாளம். சிலவற்றில் 'பாசறை மக்கள்' என்றே பொறித்திருக்கும்.

அந்தக் காசுகளில் ஆண்டு கிடையாது. காலத்தைச் சொல்வது குவியல்தான். ஒரு பானையில் இருக்கும் காசுகளில் கடைசியாக அடித்தது எதுவோ, அதற்கு முன்னால் அந்தப் பானையை யாரும் புதைத்திருக்க முடியாது. காசு அடிக்கும் அச்சைப் பாருங்கள்: அடிக்க அடிக்க அதில் மயிரிழையாக ஒரு விரிசல் விழும். அதே அச்சில் வந்த அடுத்தடுத்த காசுகளில், குதிரையின் கழுத்தருகே மெல்லிய கோடாகத் தொடங்கியது தடித்துக்கொண்டே போகும். எது முந்தியது, எது பிந்தியது என்று அதை வைத்தே வரிசைப்படுத்துகிறார்கள். பத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த வரிசை எங்கே கிடைக்கும்?

இத்தாலியின் பான்டெல்லேரியா தீவில், கடலடியில் 3,400-க்கும் மேற்பட்ட கார்த்தேஜ் வெண்கலக் காசுகள் கிடைத்தன. எல்லாம் ஒரே வகை: ஒரு பக்கம் பெண் தெய்வத்தின் தலை, மறுபக்கம் குதிரைத் தலை. ரோமோடு நடந்த முதல் போரின் (கி.மு. 264-241) காலத்தவை. வியாபாரியின் பை என்றால் பல ஊர்க் காசு கலந்திருக்கும். இது அரசுப் பணமாக இருக்கலாம் என்ற எண்ணமே அந்த ஒரேமாதிரித்தன்மையால்தான் வந்தது.

கிடந்த இடமும் முக்கியம். ரோமின் வெள்ளிக்காசான டினாரியஸ் எப்போது தொடங்கியது என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். சிசிலியின் மொர்கன்டினாவில், கி.மு. 211-இல் ரோமர்கள் ஊரை அழித்தபோது படிந்த மண்ணடுக்கில் டினாரியஸ் வரிசையைச் சேர்ந்த சில சின்ன வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. அதோடு, டினாரியஸ் அதற்கும் 20 ஆண்டுக்கு மேல் பிந்தியது என்றவர்கள் வாதம் விழுந்தது.

இப்போதெல்லாம் ஏலத்தில் ஒற்றைக் கார்த்தேஜ் காசு வந்தால், எந்த ஊரில், எவற்றோடு கிடைத்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் இல்லையென்றால் வாங்குவதில்லை.