டிராக்டர் ஆட்டோ ஸ்டியரிங் நெளிகிறதா? முதலில் முன் அச்சைப் பாருங்கள்

கேள்வி: தொண்டிப் பக்கம் புழுதி விதைப்புக்காக டிராக்டரில் ஜிபிஎஸ் ஆட்டோ ஸ்டியரிங் கிட் மாட்டியிருக்கிறேன். வரிசை நேராக வராமல் பாம்பு போல நெளிகிறது. முன்சக்கரக் கோண சென்சாரை எப்படிப் பொருத்துவது?

பதில்: சென்சாரில் கை வைக்கும் முன், முன் அச்சை ஜாக்கியில் தூக்கி சக்கரத்தை இடவலமாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனையிலோ கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்றது. ஆட்டம் தீரும்வரை சக்கரம் திரும்பாது. அதற்குள் ஸ்டியரிங் மோட்டார் கூடுதலாகச் சுற்றிவிடும், பிறகு எதிர்ப்பக்கம் இழுக்கும். நெளிவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சென்சாரின் உடல் முன் அச்சில், கிங்பின்னுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சேஸிலோ பம்பரிலோ மாட்டினால், வரப்பு ஏறும்போது அச்சு சாய்கிற சாய்வும் கோணமாகப் பதிவாகும். சென்சார் கையைத் திரும்பும் சக்கரப் பகுதியோடு ஒரு சிறு ராட் இணைக்கும். சென்சார் கையின் நீளமும், கிங்பின் மையத்திலிருந்து அந்த ராட் மாட்டும் புள்ளிவரை உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும்: இது 80 மி.மீ. என்றால் அதுவும் 80. சக்கரம் நேராக நிற்கும்போது இரண்டும் இணையாக, ராடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். முழுத் திருப்பத்தில் கையும் ராடும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் கை மறுபக்கம் புரளும், அல்லது முறியும்.

5 வோல்ட் சென்சாரில் நேர் நிலைக்கு 2.5-க்கு அருகில் வையுங்கள். இரு பக்க முழுத் திருப்பமும் 0.5-க்கும் 4.5-க்கும் உள்ளேயே முடிகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் வயரைச் சேஸில் கட்டாமல் கன்ட்ரோலருக்கே கொண்டுபோங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த போல்ட் வழியாக வரும் எர்த்தை நம்ப முடியாது. கனெக்டரில் ஈரம் புகாமலிருக்க டைஎலக்ட்ரிக் கிரீஸ், பிராக்கெட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட். சீமைக் கருவேலம் மண்டிய ஓரங்களில் வயர் கிழியாமலிருக்க ஹோஸ் உறையும், சென்சாருக்கு முன்னால் ஒரு தகட்டு மறைப்பும் போடுங்கள். செலவு சொற்பம்தான்.

அளவு திருத்தத்தைப் புழுதியில் செய்யாதீர்கள், முன்சக்கரம் வழுக்கும். கெட்டித் தரையில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். முன் பின் அச்சு இடைவெளி 2 மீட்டர், பின் அச்சின் நடுப்புள்ளி போடும் வட்டத்தின் விட்டம் 16 மீட்டர் என்றால் ஆரம் 8. 2-ஐ 8-ஆல் வகுத்தால் 0.25; டேன் (tan) மதிப்பு 0.25 ஆக உள்ள கோணம் சுமார் 14 டிகிரி. திரை 17 காட்டினால், ஒரு டிகிரிக்கான கவுண்ட்டை (சென்சார் அளவின் எண்ணிக்கை) 17/14 மடங்காக்குங்கள், 100 இருந்தால் 121. மறுபக்கம் திருப்பும்போது வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம்: வளைவில் உட்புறச் சக்கரம் அதிகம் திரும்பும், சென்சாரோ ஒரு சக்கரத்தில்தான் இருக்கிறது. அதற்கு அக்கர்மன் அமைப்பில் திருத்தம் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் நெளிந்தால் மட்டும் கெயினை (விலகலுக்கு மோட்டார் எவ்வளவு பலமாகத் திருப்ப வேண்டும் என்ற அமைப்பு) சிறிது சிறிதாகக் குறையுங்கள்.